9.19 ஈ ப்ளஸ் 11

மார்க்கெட்டிங்ல இருக்கேன், டெக் கத்துக்கணும், என்ன கோர்ஸ் சேரலாம்னு மாசம் ரெண்டு பேராவது என்கிட்ட கேக்குறாங்க. காசு கட்டி மூணு பைத்தான் (கோடு எழுதுற மொழி) கோர்ஸை பாதில விட்டவகிட்ட வந்து கேக்குறாங்க பாருங்க. மூணு தடவையும் ஃபார் லூப்ங்கிற பாடம் வரைக்கும் போனேன், அதுல ஆப்பிள், ஆரஞ்சு, வாழைப்பழம்னு ஒரு லிஸ்ட் குடுத்து ஒண்ணொண்ணா பிரிண்ட் பண்ணச் சொல்லுவாங்க, எனக்கு எதுக்குடா இதுன்னு மூடி வச்சிருவேன்.

எனக்கு உருப்படியா ஏதாவது ஏறுச்சுன்னா அது போன வருசம் ஒரு ஹேக்கத்தான்ல உக்காந்த அந்த 24 மணி நேரத்துலதான். ஹேக்கத்தான்னா டீம் டீமா ஒரே மூச்சா உக்காந்து, ஏதாவது ஒரு பிரச்சனைக்கு கோடு எழுதித் தீர்வு செய்யுற போட்டி.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடி சேலைக் கடைக்கு ஆன்லைன் வேலை பாக்குறேன், வாட்ஸ்அப் மெசேஜ், இன்ஸ்டா, ஆஃபர் போஸ்டர் எல்லாம் நான்தான். ஊருக்கு வெளிய ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல ஹேக்கத்தான், வேலை பாக்குறவங்களும் வரலாம்னு போட்டிருந்தாய்ங்க, சரி என்னதான்னு பாப்போம்னு பேரைக் குடுத்துட்டேன். சனிக்கிழமை வெள்ளன கிளம்பி ரெண்டு பஸ் மாறிப் போனா, ஹால் முழுக்க இருவது வயசுப் பிள்ளைக, நான் மட்டும் டிபன் பாக்ஸோட நிக்கிறேன். ஆள் பத்தாத ஒரு டீம்ல என்னைச் சேத்துவிட்டாங்க: மேலூர்ப் பய ஒருத்தன், உசிலம்பட்டிப் பய ஒருத்தன், நிலக்கோட்டைப் பொண்ணு ஒண்ணு.

மூணு பேருக்கும் கோடு எழுதத் தெரியும், ஆனா எதுக்கு எழுதுறதுன்னு தெரியல. ட்ரோன், ஏஐன்னு ஒரு மணி நேரம் பேசிக்கிட்டே இருந்தாய்ங்க. அப்பறம் அந்தப் பொண்ணுதான் "அக்கா, உங்க வேலைல எது ரொம்பக் கடுப்பா இருக்கும்?"னு கேட்டுச்சு. யோசிக்கவே இல்ல, லேப்டாப்பைத் திறந்து கடையோட கஸ்டமர் லிஸ்டைக் காட்டுனேன். நாலாயிரத்துச் சொச்சம் வரி. ஒருத்தர் நம்பர் சைபர்ல ஆரம்பிக்கும், ஒருத்தருக்கு 91 போட்டு, ஒருத்தருக்கு நடுவுல இடம் விட்டு. ஒவ்வொரு தீபாவளிக்கும் ரெண்டு நாள் உக்காந்து இதைச் சுத்தம் பண்ணுவேன்.

மேலூர்ப் பய ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே வந்தவன் ஒரு இடத்துல நின்னுட்டான். வரிசையா 9.19 ஈ ப்ளஸ் 11 (9.19E+11), 9.19 ஈ ப்ளஸ் 11னு கிடக்கு. "அக்கா, இந்த நம்பரெல்லாம் செத்துப்போச்சு"ன்னான்.

என்ன விசயம்னா, முன்னாடி 91 போட்டா போன் நம்பர் 12 இலக்கம் ஆயிருது, எக்செல் அதைப் போன் நம்பர்னு நினைக்காது, பெரிய எண்ணுன்னு நினைச்சு இப்படிச் சுருக்கிக் காட்டும். அதுவரைக்கும் ஒண்ணும் குடி முழுகிப்போகல, நம்பர் உள்ள பத்திரமாத்தான் இருக்கும். ஆனா அப்படியே சிஎஸ்வி ஃபைலா (வெறும் எழுத்து மட்டும் இருக்குற ஃபைல்) சேவ் பண்ணுனா என்ன தெரியுதோ அதைத்தான் எழுதும், மிச்ச இலக்கம் எல்லாம் போச்சு, மறுபடி திறந்தா அந்த இடத்துல பூரா சைபர். நான் வருசக்கணக்கா அப்படித்தான் சேவ் பண்ணிருக்கேன்! மெசேஜ் போகலன்னா, கஸ்டமர் நம்பர் மாத்திட்டாங்க போலன்னு முதலாளிகிட்ட ரிப்போர்ட் வேற குடுத்திருக்கேன். அந்த நம்பர் கட்டத்தையெல்லாம் முதல்லயே டெக்ஸ்ட்னு மாத்தி வச்சிருந்தா முடிஞ்சுது, இதுக்குக் கோடிங்கே வேணாம்.

மதியத்துக்கு மேல அந்தப் பொண்ணு கூடவே உக்காந்து எழுதுனேன். ஒவ்வொரு வரியா எடு, எண்ணை மட்டும் வச்சுக்க, கடைசிப் பத்து இலக்கத்தை வெட்டு, 6ல இருந்து 9க்குள்ள ஆரம்பிக்குதான்னு பாரு, இல்லாட்டி தனியா ஒதுக்கு. அடப்பாவிகளா, இதுதானா ஃபார் லூப்! வாழைப்பழத்துக்குப் பதிலா என் கஸ்டமரைக் குடுத்திருந்தா முதல் கோர்ஸ்லயே புரிஞ்சிருக்குமே.

நானும் சும்மா வேடிக்கை பாக்கல. ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்தா ஒண்ணைத் தூக்கிருன்னு எழுதுனாய்ங்க, நான் இருங்கப்பான்னேன். ஒரு வீட்டுல மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே நம்பர்தான் குடுத்திருப்பாங்க, மாமியார் காட்டன் சுங்குடி எடுப்பாங்க, மருமக சில்க் காட்டன், ரெண்டு பேரும் வேணும். அப்பறம் லிஸ்ட்ல உள்ள எல்லாருக்கும் பாட் (தானா மெசேஜ் அனுப்புற புரோகிராம்) வச்சு இஷ்டத்துக்கு மெசேஜ் தட்டலாம்னு பிளான் போட்டாய்ங்க. வாட்ஸ்அப் பிசினஸ்ல அப்படிப் பாட் வழியா அனுப்புறப்ப, கஸ்டமர் கடைசியா நமக்கு மெசேஜ் போட்டு 24 மணி நேரம் தாண்டிட்டா, முன்கூட்டியே அப்ரூவல் வாங்குன டெம்ப்ளேட் மட்டும்தான் அனுப்ப முடியும், அது அவிங்களுக்குத் தெரியல, எனக்கு அதுதான் பொழப்பே.

ராத்திரி உசிலம்பட்டிப் பய பைக்ல போயி பன் பரோட்டா வாங்கிட்டு வந்தான். சாப்பிட்டுக்கிட்டே, ஃபேஸ்புக் லைக் பட்டனே 2007ல ஒரு ஹேக்கத்தான்ல செஞ்சதுதான், அப்ப அதுக்கு ஆசம் பட்டன்னு பேரு, 2009லதான் லைக்னு வெளிய வந்துச்சுன்னு சொன்னான். மாசாமாசம் லைக்கை எண்ணி ரிப்போர்ட் போடுறவளுக்கு இது தெரியல பாருங்க.

டெமோல சொதப்பிட்டோம். ஜட்ஜோட போன் நம்பரை டைப் பண்ணி மெசேஜ் அனுப்புனா ஒண்ணும் வரல, எல்லாரும் அவர் போனையே பாத்துக்கிட்டு இருக்கோம். நாங்க வச்சிருந்தது டெஸ்ட் அக்கவுண்ட், முதல்ல அவர் போன்ல இருந்து ஒரு ஜாயின் மெசேஜ் வரணும், அதை மறந்தே போயிட்டோம். ஞாபகம் வந்து சரி பண்றதுக்குள்ள டைம் முடிஞ்சுது. பிரைஸ் ஒரு ட்ரோன் டீமுக்குப் போச்சு.

ஒரு தப்பையும் சொல்லிடுறேன். நிஜக் கஸ்டமர் லிஸ்டை நான் அங்க தூக்கிட்டுப் போயிருக்கவே கூடாது, டிஜிட்டல் டேட்டா பாதுகாப்புக்கு 2023லயே சட்டம் வந்தாச்சு. நீங்க போனா பேரு, நம்பர் எல்லாம் மாத்தின டூப்ளிகேட் லிஸ்ட் கொண்டு போங்க, ஆனா அழுக்கு அப்படியே இருக்கட்டும். அன்ஸ்டாப், டெவ்ஃபோலியோ மாதிரி சைட்ல தேடுங்க, யார் கலந்துக்கலாம்னு படிச்சுட்டு அப்ளை பண்ணுங்க, ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் மாணவர்களுக்கு. நாசாவோட ஸ்பேஸ் ஆப்ஸ்ல யாரு வேணா சேரலாம்.

அந்த 24 மணி நேரத்தோட பலனைப் பாருங்க. கடை வெப்சைட்டைப் பாத்துக்குற ஆளு ஃபார்ம் ஓடலன்னா "ஏபிஐ பிரச்சனை மேடம், ஒரு வாரம் ஆகும்"பாரு. ஏபிஐன்னா ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணுகூட பேசுற வழி. போன மாசம் "எரர் 401ஆ, 500ஆ?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. 401னா உள்ள நுழையுற கீ (பாஸ்வேர்ட் மாதிரி) செல்லல, 500னா சர்வர் பக்கமே கோளாறு. 401தான், கீ மாத்தாம விட்டிருக்காரு, சாயங்காலத்துக்குள்ள சரியாயிருச்சு.

செத்துப்போன நம்பரை மட்டும் எந்தக் கோடும் கொண்டு வராது. பழைய பில் புக்கெல்லாம் கடைப் பரண்ல கிடக்கு, சனிக்கிழமை சனிக்கிழமை ஏறி தூசியத் தட்டி ஒண்ணொண்ணா டைப் அடிச்சுக்கிட்டு இருக்கேன், நம்பர் கட்டத்தை டெக்ஸ்ட்னு மாத்தி வச்சுட்டுதான். 2019 தை மாசம் வரைக்கும் வந்திருக்கேன்.