ரெஸ்டிட்யூஷன் கேள்வி வந்தால்: எந்தப் பிரிவு, எவ்வளவு திரும்பும்?

ஒப்பந்தச் சட்டத் தாளில் ரெஸ்டிட்யூஷன், அதாவது மீட்டளிப்பு, பற்றிக் கேட்டதுமே பலர் 73-ஆம் பிரிவை எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். மதிப்பெண் கழிவது அங்கேதான். 73 இழப்பீட்டுக்கான பிரிவு. வாதிக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார்க்கும். மீட்டளிப்பில் பார்க்க வேண்டியது பிரதிவாதியின் கையை: அவரிடம் நியாயமில்லாமல் என்ன தங்கியிருக்கிறது? பேச்சில் "பணத்தைத் திருப்பிக் கொடு, நஷ்டத்தையும் கட்டு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். விடைத்தாளில் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும்.

அதற்கு வெளியே உதாரணம் தேட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 65-ஆம் பிரிவில் வரும் கடைசி இரண்டு எடுத்துக்காட்டுகளே போதும். கச்சேரியில் பாட ஒருவர் 1,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார். உடம்பு சரியில்லாமல் பாட முடியாமல் போகிறது. கச்சேரி நடந்திருந்தால் வந்திருக்கும் லாபத்தை அவரிடம் கேட்க முடியாது. ஆனால் அந்த 1,000 ரூபாய் திரும்பியே ஆக வேண்டும். லாபம் இழப்பீட்டுக் கணக்கு, முன்பணம் மீட்டளிப்புக் கணக்கு. அதற்கு முந்தைய எடுத்துக்காட்டில், இரவுக்கு 100 ரூபாய் என்று பேசிய பாடகி ஆறாவது இரவு வேண்டுமென்றே வராமல் போகிறார். அரங்க மேலாளர் ஒப்பந்தத்தை முறித்துவிடுகிறார். ஆனாலும் பாடிய ஐந்து இரவுகளுக்கு மேலாளர் பணம் கொடுக்க வேண்டும். தவறியவருக்கே பணமா என்று முதல் வாசிப்பில் உறுத்தும். தவறியதற்காகப் பாடகிமீது இழப்பீடு கேட்கலாம், அது தனி வழி. ஆனால் பாட்டின் பயனை மேலாளர் இலவசமாக வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது பிரிவைத் தேர்ந்தெடுப்பது. பணமோ பொருளோ எப்படிக் கைமாறியது என்று பாருங்கள். மோசடி, வற்புறுத்தல் போன்ற காரணத்தால் ரத்து செய்யத்தக்க ஒப்பந்தத்தை ஒருவர் ரத்து செய்தால் 64. ரத்து செய்தவரும் தான் பெற்றதைத் திருப்ப வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் செல்லாது என்று பிறகு தெரியவந்தாலோ, பின்னால் செல்லாமல் போனாலோ 65. ஒப்பந்தமே இல்லாமல் ஒருவர் செய்ததன் பயனை மற்றவர் அனுபவித்தால் 70. தவறுதலாகவோ வற்புறுத்தலாலோ கொடுத்த பணம் என்றால் 72.

65-இல் "தெரியவந்தால்" என்ற சொல்லில்தான் கேள்வித்தாள் வலை விரிக்கும். ஆரம்பத்திலேயே சட்டவிரோதம் என்று தெரிந்தே ஒப்பந்தம் போட்டவருக்கு இந்தப் பிரிவு கை கொடுக்காது. குஜு காலியரீஸ் வழக்கை (1974) இங்கே எழுதலாம். மைனர் விஷயத்திலும் 64, 65 இரண்டும் பொருந்தா. ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ளவர்களுக்கே அவை என்று மொஹோரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் (1903) அன்றைய உச்ச மேல்முறையீட்டு அமைப்பான லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. ஆனால் "மைனரிடமிருந்து எதையும் வாங்க முடியாது" என்று எழுதி அதோடு நிறுத்தினால் விடை பாதிதான். ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 1963, பிரிவு 33-இன்படி, ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லை என்று சொல்லி வழக்கை எதிர்ப்பவர், தானோ தன் சொத்தோ எந்த அளவுக்குப் பயனடைந்ததோ அந்த அளவுக்குத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

70-க்கு மூன்று நிபந்தனைகள்: செயல் சட்டப்படியானதாக இருக்க வேண்டும், இலவசமாகச் செய்யும் எண்ணம் இருக்கக் கூடாது, மற்றவர் பயனை அனுபவித்திருக்க வேண்டும். மூன்றையும் கேள்வியில் உள்ள சம்பவத்தோடு பொருத்திக் காட்டாமல் பிரிவை மட்டும் ஒப்பித்தால் பயனில்லை. அதிகாரிகள் கேட்டுக்கொண்டதால் கட்டடம் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரருக்கு, அரசோடு முறைப்படி ஒப்பந்தம் இல்லாதபோதும் 70-இன்கீழ் பணம் கிடைத்தது பி.கே. மண்டல் வழக்கில் (1962). வேண்டாத பொருளை ஏற்காமல் விட அரசுக்கு வாய்ப்பு இருந்தது, ஏற்றுப் பயன்படுத்தியதுதான் பொறுப்பைக் கொண்டுவந்தது என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

72-இல் சட்டத்தைப் பற்றிய தவறும் அடங்கும் என்றது கன்ஹையாலால் வழக்கு (1959). அதோடு மஃபட்லால் வழக்கையும் (1997) சேர்க்க வேண்டும்: தவறாகக் கட்டிய வரியை ஏற்கெனவே வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிட்டவர் அதைத் திரும்பக் கேட்க முடியாது. கேட்டால் அவர்தான் நியாயமற்ற ஆதாயம் அடைவார்.

இந்து திருமணச் சட்டம் 1955-இன் 9-ஆம் பிரிவிலும் இதே சொல் வருகிறது. அங்கே திரும்புவது பணமோ பொருளோ இல்லை, சேர்ந்து வாழும் உரிமை. ஒப்பந்தத் தாளில் அதை இழுக்க வேண்டாம். குடும்பச் சட்டத் தாளுக்கு சரோஜ் ராணி வழக்கு (1984) போதும்.

உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 1908, பிரிவு 144 தனிக் கேள்வியாக வரும். கீழ் நீதிமன்றத் தீர்ப்பாணையை வைத்து ஒருவர் நிலத்தைக் கைப்பற்றுகிறார், மூன்று வருடம் கழித்து மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பாணை ரத்தாகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலத்தை இழந்தவர் புது வழக்குப் போடக் கூடாது. 144(2) அதைத் தடுக்கிறது. முதலில் தீர்ப்பாணை வழங்கிய நீதிமன்றத்திலேயே மனு போட வேண்டும், ரத்து செய்தது உயர் நீதிமன்றமாக இருந்தாலும். இது நிறைவேற்று மனுவாக, அதாவது தீர்ப்பாணையைச் செயல்படுத்தக் கேட்கும் மனுவாக, கருதப்படுவதால் காலவரம்பு 12 ஆண்டு. நிலம் ஏலத்தில் போயிருந்தால், வாங்கியவர் யார் என்று பார்க்க வேண்டும்: தீர்ப்பாணை பெற்றவரே வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும், வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாம் நபர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு.

நிலத்தோடு செலவுத் தொகை, வட்டி, மூன்று வருட இடைக்கால வருவாய் ஆகியவற்றையும் கேட்கலாம். இந்த வருவாயைக் கணக்கிட அதே சட்டத்தின் பிரிவு 2(12)-ஐப் பாருங்கள்: கையில் வைத்திருந்தவர் உண்மையில் எடுத்தது மட்டும் அல்ல, சாதாரண முயற்சியில் எடுத்திருக்கக் கூடியதும் சேரும். நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தாலும் தப்ப முடியாது. ஆனால் அவர் தன் செலவில் கிணறு வெட்டியதால் கூடிய விளைச்சலின் ஆதாயத்தைக் கழித்துவிட வேண்டும்.