காற்றாடிமலைக்கு ஒரு பாதி நேர்ச்சை

தம்பி குடியை விட்டால் அவனையே கூட்டிக்கொண்டு காற்றாடிமலைக்கு வருகிறேன் என்று, அங்கே விசுவாசத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட புனித தேவசகாயத்திடம் அம்மா நேர்ந்திருந்தாள். சிக்கல் என்னவென்றால், அவன் விட்டான், ஒரு கல்யாண வீட்டில் மறுபடி தொட்டான், தவக்காலம் முழுக்க நல்லபிள்ளையாக இருந்துவிட்டு ஈஸ்டர் கழிந்ததும் மறுபடி விழுந்தான், மறுபடி எழுந்தான். இப்போது சில மாதங்களாகச் சுத்தமாக இருக்கிறான். இதை நேர்ச்சை பலித்த கணக்கில் வைப்பதா, வேண்டாமா? முழுசாகத் திருந்தட்டும், அப்புறம் போகலாம் என்பது என் கட்சி. அம்மா காதிலேயே வாங்கவில்லை. "முழுசா திருந்தினவன் எதுக்கு மக்களே மலை ஏறணும்? இம்புட்டு செஞ்சிருக்காருல்லா, இதுக்கு நன்றி சொல்லிட்டு வருவோம். மிச்சத்த அவரு பாத்துக்கிடுவாரு" என்றாள்.

ஜனவரி 14 திருநாளுக்குப் போகக் கூடாது என்பதில் மட்டும் மூன்று பேரும் ஒத்துப்போனோம். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்ததிலிருந்து வரும் கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல, பொங்கல் லீவும் சேர்ந்துகொண்டால் நிற்க இடமிருக்காது. அதனால் ஆடியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். அன்றைக்கும் வேன் வேனாக ஆள் வந்து இறங்கியது வேறு கதை.

முதலில் புலியூர்குறிச்சி. தாகத்தில் தவித்த தேவசகாயம் கைமுட்டியால் இடித்ததும் தண்ணீர் வந்த முட்டிடிச்சான் பாறை. சின்னக் குழிதான், உள்ளே கொஞ்சம் தண்ணீர், அதைச் சுற்றி செல்போன் பிடித்த கைகள். ஒரு குடும்பம் ஆளுக்கொரு போட்டோ எடுத்து முடிக்கும்வரை குனிந்து நின்ற அம்மாவுக்கு இடுப்பே போய்விட்டது. செபமாலை உருட்டிய அதே வாயால் அவர்களை ஒரு பிடி பிடித்துவிட்டு, உள்ளங்கையில் தண்ணீரைக் கோரி தம்பியிடம் நீட்டி, "இதக் குடிலே" என்றாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவன் அடகு வைத்த என் வளையல் இன்னும் திரும்பி வரவில்லையே.

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. தேவசகாயம் என்றால் எல்லோரும் துப்பாக்கிச் சூட்டைத்தான் பேசுவார்கள், அம்மாவுக்கோ ஆரம்பம்தான் பிடிக்கும். மாடு செத்து, பயிர் போய், வீட்டில் நிம்மதி இல்லாமல் நொந்து நின்ற நீலகண்டனிடம் (அதுதான் தேவசகாயத்தின் பழைய பெயர்), 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய் உட்கார்ந்து, எல்லாம் இழந்தும் ஆண்டவரை விடாத யோபுவின் கதையைச் சொல்கிறார். தோற்றவன் ஒருவன், நொடிந்தவன் ஒருவன், இந்த இரண்டு பேரை வைத்துத்தான் ஆண்டவர் வேலையைத் தொடங்கினார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கும்போது அவருக்கு முப்பத்துமூன்று வயது. 1752இல் சுட்டுக் கொன்றார்கள். நடுவில் ஏழே வருடம், அதிலும் கடைசி மூன்று வருடம் விலங்கும் சாட்டையும் மிளகாய்ப்பொடியும் எருமை மேல் ஊர்வலமும்தான். அவரைப் புனிதர் என்று சொல்லத் திருச்சபையே 270 வருடம் எடுத்துக்கொண்டது. என் தம்பிக்கு மட்டும் நான் ஏன் தேதி குறிக்க வேண்டும் என்று வேனில் போகும்போது தோன்றியது. வளையல் ஞாபகமும் கூடவே வந்தது, அதை மறைப்பானேன்.

கோட்டார் பேராலயத்தில் ஒரு கல்யாணப் பூசை. அங்கே இருக்கும் தேவசகாயத்தின் கல்லறைப் பக்கம் போய்த் தொட்டு முத்தி செய்வதற்குள் போட்டோக்காரர் இரண்டு தடவை நகரச் சொன்னார். சரி, அவருக்கும் பிழைப்பு.

அங்கிருந்து ஆரல்வாய்மொழி. வேனை விட்டு இறங்கியதுமே மெழுகுதிரிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள், வாங்காமல் போனால் பாவம் பிடிக்கும் என்கிற மாதிரி ஒரு பேச்சு. அம்மா பேரம் பேசியே ஐந்து திரி வாங்கினாள், மேலே போனால் ஒன்றுகூட நின்று எரியவில்லை. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற ஆடிக்காற்று மெழுகுதிரிக்கு மட்டும் இரக்கம் காட்டுமா? முக்காட்டைப் பிடித்தால் சேலை பறக்கிறது, சேலையைப் பிடித்தால் செருப்பு வழுக்குகிறது. மூட்டுவலியோடு வந்த அம்மாவைத் தம்பிதான் தோளில் கைபோட வைத்து ஒவ்வொரு படியாக ஏற்றினான். ஒரு காலத்தில் நடுராத்திரியில் அவனை அப்படித் தாங்கிப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அவள்.

சுடுவதற்கு முன் தேவசகாயம் முழந்தாளிட்டுச் செபித்த தடம் என்று காட்டும் இடத்தில் தம்பி முழங்காலில் விழுந்தான். பூசைக்கு வந்தாலே பிரசங்கம் தொடங்கியதும் வெளியே போய் நிற்கிற ஆள். எழுந்திருக்கவே இல்லை. பின்னால் வந்தவர்கள் "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்று முனகினார்கள், அவன் அசையவில்லை. சட்டை காற்றில் முதுகோடு ஒட்டிக்கொண்டு, எலும்பெல்லாம் தெரிந்தது. குடி தின்ற உடம்பு. அம்மா அவன் பக்கத்தில் பாறையிலேயே உட்கார்ந்து மன்றாட்டுமாலையைத் தொடங்கிவிட்டாள். நான் மன்றாட்டுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, வெறும் அழுகை. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. கேட்டுக்கேட்டு அலுத்துப்போன ஒன்றில் பாதியாவது கண்முன்னால் முழங்காலில் இருக்கிறதே, அதற்காக இருக்கலாம். ஆண்டவரே, உமக்கு நன்றி. பாதிக்கும் நன்றி.

எழுந்ததும் அம்மாவிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மறுபடி விழுந்துட்டா என்னம்மா செய்ய?"

"மறுபடி கூட்டிட்டு வருவேன்" என்றாள், முட்டியைத் தடவிக்கொண்டே.

போன முறை விழுந்தபோது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவே அவனுக்கு வெட்கம், அதே பாவத்தை எத்தனை தடவை சொல்வது என்று. இராயப்பரை, அதுதான் பேதுருவை, பார் என்றாராம் சாமியார். சேவல் கூவுமுன் மறுதலித்தது எல்லோருக்கும் தெரியும். தூய ஆவி இறங்கி, ஆயிரக்கணக்கில் மனந்திருப்பிய பிறகும், அந்தியோக்கியாவில் யாருக்கோ பயந்து பிற இனத்தாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினாரே, சின்னப்பரிடம் (பவுலிடம்) நேருக்கு நேர் வாங்கிக் கட்டிக்கொண்டாரே, அதற்காக ஆண்டவர் அவரிடம் கொடுத்த விண்ணகச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாரா? தம்பி இதை எனக்குச் சொன்னது மணியடிச்சான் பாறைக்கு வரிசையில் நிற்கும்போது. அவன் முறை வந்ததும் சின்னக் கல்லை எடுத்து இரண்டு இடத்தில் தட்டினான், மொத்மொத்தென்றது. பின்னால் நின்ற ஒரு பையன், "அங்க இல்லண்ணே, இங்க" என்று கைகாட்டினான். தட்டியதும் கணீரென்று கோயில் மணி மாதிரியே கேட்டது. விடாமல் தட்டிக்கொண்டே இருந்தான், அம்மாதான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

இறங்கும்போதே அம்மா அடுத்த நேர்ச்சையைப் போட்டுவிட்டாள். தம்பி மனைவி பிள்ளையோடு தாய்வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள், அவள் பக்கம் நியாயமும் இருக்கிறது. அவள் திரும்பி வந்தால் வடக்கன்குளத்துக்கு, தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ அம்மாளின் கல்லறைக்கு, எல்லோருமாகப் போகவேண்டுமாம். படிக்கிறவர்கள் அவளுக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள்.