கடுகு டப்பாவில் இருந்த அட்டை

ஐந்து மாதம் தம்பிக்கு ரசத்தில் மாத்திரை கலந்து கொடுத்தவள் நான். மனநோய்க்கான ஓலான்சபின், வாயில் போட்டாலே கரைகிற வகை. கரண்டியால் இரண்டு சுற்று, அடையாளமே தெரியாது. மாத்திரை அட்டையைக் கடுகு டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன்.

அவனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்த புதிதில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். மறுநாள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண் மேலே செருகி அப்படியே நின்றது. விஷம் வைத்துவிட்டோம் என்றே நம்பினான். புரோமெதசின் ஊசி போட்டபின் அரை மணியில் சரியானது. இளவயது ஆண்களுக்கு அந்த மருந்தில் இப்படி ஆவது டாக்டர்களுக்குப் பழகிய விஷயமாம். எங்களிடம் யாரும் முன்கூட்டி வாய் திறக்கவில்லை. அதன்பின் அவன் எந்த மாத்திரையையும் தொடவில்லை. "சாப்பாட்டுல கலந்து குடுத்துருங்க" என்று யோசனை சொன்னதும் அதே இடம்தான்.

தாளிக்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டை அவன் கையில் சிக்கியது. கத்தவில்லை. அன்றிலிருந்து அவித்த முட்டையும் வாழைப்பழமும் மட்டும்தான். இரண்டையும் அவனே உரிப்பான். தோலுக்குள் எதையும் கலக்க முடியாதே! மாத்திரை நின்று ஒன்றரை மாதத்தில் குரல்கள் திரும்ப வந்துவிட்டன.

அடுத்துப் பார்த்த டாக்டரம்மா என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு என்னையும் கூப்பிட்டு, சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். ரிஸ்பெரிடோன்: கை விறைக்கலாம், நடுங்கலாம். அரிப்பிப்ரசோல்: எடை அவ்வளவாக ஏறாது, ஆனால் சிலருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. ஓலான்சபின்: பசி, எடை, சர்க்கரை. பக்கவிளைவு உட்பட இதையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறதாம். எனக்கு அதுவரை தெரியாது.

அப்பாவுக்குச் சர்க்கரை. எனவே நான் அரிப்பிப்ரசோல் என்றேன். தம்பி என் பக்கம் திரும்பினான்.

"ரசத்துல போட்டது இதுல எது, அக்கா?"

மூன்றாவது வரியைக் காட்டினேன்.

"அதையே எழுதுங்க டாக்டர். அப்பத் தூக்கம் வந்துச்சு, சத்தமும் கொறஞ்சுது. கை நடுங்கலை."

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவன். கை நடுங்கினால் பீஸ் ரிஜெக்ட் ஆகும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பது மாதத்தில் எட்டு கிலோ ஏறியிருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கிறோம், இதுவரை பரவாயில்லை. இரவு மாத்திரையை அவனே உடைத்துப் போட்டுக்கொள்கிறான்.

மறுபடி முடியாமல் போனால் எப்படி வைத்தியம் பார்க்க வேண்டும், யார் தனக்காகப் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க அதே சட்டம் இடம் கொடுக்கிறது. போன மாதம் எழுதினான். ஹாலோபெரிடால் ஊசி வேண்டாம், சாப்பாட்டில் எதையும் கலக்கக் கூடாது. பிரதிநிதி என்ற இடத்தில் பெரியம்மா மகன் பெயரை எழுதியிருக்கிறான். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ரசம் இன்னும் ஊற்றிக்கொள்வதில்லை.