மெத்திலேஷன் டெஸ்டுக்கு பிளாக் அனுப்புவது: கடலூர், புதுச்சேரிப் பக்கத்தவர்களுக்கு

ஆபரேஷன் முடிந்து, பயாப்ஸியில் மெடுலோபிளாஸ்டோமா (சிறுமூளையில் வரும் புற்றுக்கட்டி) என்று வந்தபின், கட்டியின் வகையைக் கண்டறிய டாக்டர் மெத்திலேஷன் டெஸ்ட் எழுதித் தந்தால் முதலில் நாள்கணக்கைப் பாருங்கள். மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கப் பார்ப்பார்கள். புதுச்சேரியில் இருக்கும் பிளாக் (மெழுகில் பதித்த கட்டித் திசு) வெளியூர் லேபுக்குப் போய் ரிப்போர்ட் வரவே சில வாரம் பிடிக்கும். ஆகவே கடிதம் கைக்கு வந்த அன்றே, திசுவைச் சோதித்து வைத்திருக்கும் பேத்தாலஜி பிரிவுக்குப் போய்விடுங்கள்.

டி.என்.ஏ.வின் எழுத்துகள் மாறாமல் அதன்மேல் ஒட்டும் மெத்தில் குறிகள் மட்டும் மாறினாலும் மரபணுவின் வேலை மாறும். பிள்ளைகளின் புற்றுநோயில் மரபணுப் பிறழ்வுகள் பெரியவர்களைவிடக் குறைவு என்பதால், கட்டி எந்த வகை என்று சொல்ல இந்தக் குறிகள் பெரிதும் உதவுகின்றன. மெடுலோபிளாஸ்டோமா என்ற ஒரே பெயருக்குள் டபிள்யூ.என்.டி., எஸ்.எச்.எச்., குரூப் 3, குரூப் 4 என நான்கு வகை. மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கட்டிகள் சிகிச்சைக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பிளாக் வாங்க டாக்டரின் கடிதம், பயாப்ஸி எண், அடையாள அட்டை மூன்றும் வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியலும் ஓ.பி. சீட்டில் வேறொன்றும் இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளுங்கள். லேபில் போய் மாட்டும். ஒரே கட்டியிலிருந்து பல பிளாக் இருக்கும். கைக்கு வந்ததை வாங்கிக்கொண்டு வரவேண்டாம். கட்டிச் செல்கள் 70 சதவீதமாவது உள்ள பிளாக்கைப் பேத்தாலஜி டாக்டரையே குறித்துத் தரச்சொல்லுங்கள். ரத்தமும் செத்த திசுவும் நல்ல சிறுமூளையும் கலந்த பிளாக் போனால், கருவி கட்டியோடு அதையும் சேர்த்தே படிக்கும். டெஸ்ட் பலன் தராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று ஃபார்மலின். 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் சரி. திசு விடுமுறை நாளெல்லாம் அதிலேயே கிடந்தால் டி.என்.ஏ. துண்டுதுண்டாகிவிடும், பிறகு லேபில் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

பிளாக்குக்கு ஐஸ் தேவையில்லை. மெழுகு உருக 56 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றாலும், அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் வைத்தால் இளகிவிடும். தெர்மாகோல் பெட்டி போதும். டெஸ்ட் செலவைக் காப்பீடு ஏற்குமா என்பதற்கு, தமிழ்நாட்டு அட்டையா புதுச்சேரி அட்டையா என்பதைப் பொறுத்து பதில் மாறலாம், பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

லேபில் சுமார் 250 நானோகிராம் டி.என்.ஏ. எடுத்து, மெத்தில் குறிகளைப் பிரித்துக் காட்டும் பைசல்ஃபைட் ரசாயனம் போட்டு, டி.என்.ஏ.வில் 8.5 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களைப் படிக்கும் சிப்பில் ஏற்றுவார்கள். 2018-ல் வெளியான ஹைடல்பெர்க் மூளைக்கட்டி வகைப்பாட்டோடு ஒப்பிட்டு, ஒன்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் வரும். 0.9-க்கு மேல் என்றால் நம்பலாம். குறைந்தால் 'பொருந்தவில்லை' என்று எழுதுவார்கள். கட்டி இல்லை என்று அதற்குப் பொருளல்ல. வேறு பிளாக் அனுப்பிப் பார்க்கலாம். அதே சிப் தரவிலிருந்து கட்டியின் தீவிரத்தைக் காட்டும் எம்.ஒய்.சி., எம்.ஒய்.சி.என். மரபணுக்கள் பெருகியிருக்கின்றனவா என்ற படமும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். அதற்குத் தனியாகத் திசு வேண்டாம்.

பீட்டா கேட்டனின் போன்ற ஸ்டெயின் சோதனைகள் (திசுவில் சாயமேற்றிப் பார்ப்பவை) செலவு குறைந்தவை, அவற்றை முதலில் முடித்துவிடுவது நல்லது. டாக்டர் அதிலேயே தெளிவாகி, மெத்திலேஷன் ரிப்போர்ட்டால் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால், அந்த டெஸ்டின் செலவு அவசியமா என்று கேட்கத் தயங்கவேண்டாம்.

கட்டியிலுள்ள இந்த மெத்தில் குறி மாற்றம் பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே உண்டானது. கர்ப்பத்தில் அம்மா எதைச் சாப்பிட்டாள் என்று உறவுக்காரர் கிளறினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் எஸ்.எச்.எச். வகை என்று வந்தால் டி.பி.53, எஸ்.யு.எஃப்.யு., பி.டி.சி.எச்.1 மரபணுக்கள் பிறப்பிலேயே பழுதா என்று பார்க்கவேண்டும். அதைக் கட்டி ரிப்போர்ட் சொல்லாது. ஊதா மூடிக் குழாயில் பிள்ளையின் ரத்தம் தனியாகப் போகவேண்டும். பழுது இருந்தால் கதிர்வீச்சு முடிவே மாறலாம் என்பதால், அது தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.