உப்பு கசிந்தால் டோப்பைத் தொடாதே: ஹரிக்கேன் பின்னுடல், நான்காவது முயற்சி

இரண்டாம் உலகப் போர்க்கால ஹரிக்கேன் போர் விமானத்தின் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். அதன் பின்னுடலில் பட்டுத் துணி போர்த்தி, துணியை இறுக்கும் டோப் என்ற செல்லுலோஸ் பூச்சைப் பூச வேண்டும். நான்காவது முறை பட்டு வெளுக்கவில்லை. காக்பிட்டுக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் ஒரே சீராக, கண்ணாடி மாதிரி காய்ந்திருக்கிறது. விரலால் சுண்டினால் உடுக்கைத் தோல் மாதிரி 'டப்' என்கிறது. ஆறு வாரம் இந்த ஒரு சத்தத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

1/12 அளவு, இறக்கை நீளம் 1,016 மில்லிமீட்டர். அசல் ஹரிக்கேனுக்கு 40 அடி. நான் செய்வது இரண்டாம் மார்க், நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கி வைத்த சி வகை. இறக்கை ஆடி மாதமே முடிந்துவிட்டது. அசலில் அது உலோகத் தோல் என்பதால் மெல்லிய பால்சா (லேசான மரம்) பலகை ஒட்டி இழைத்தால் போதும். பின்னுடல் அப்படியில்லை. குழாய்ச் சட்டத்தின் மேல் குறுக்குவாக்கில் மர ஃபார்மர் என்ற வடிவச் சட்டம், அதன் மேல் நீளவாக்கில் ஸ்ட்ரிங்கர் என்ற மெல்லிய குச்சி, எல்லாவற்றுக்கும் மேலே லினன் துணி. ஸ்ட்ரிங்கருக்கு ஸ்ட்ரிங்கர் துணி லேசாகக் குழிந்து, முதுகு முழுக்க நீளநீளமாக மடிப்பு தெரியும். அதுதான் ஹரிக்கேனின் முகமே. பலகை ஒட்டி வழவழவென்று தேய்த்தால் அது வேறு ஏதோ விமானம்.

தாத்தா தொட்டு வேலை பார்த்த இடமும் அந்த முதுகுதான். தூத்துக்குடிக்காரர். 1942-இல் 19 வயதில் விமானப்படையில் சேர்ந்து ரிக்கர் ஆனார், அதாவது எஞ்சினை விட்டுவிட்டு உடற்பகுதியைப் பார்க்கும் மெக்கானிக். 1944-இல் இம்பாலில், 1-ஆம் ஸ்குவாட்ரனில். அப்போது அதற்குத் தலைவர் அர்ஜன் சிங், பிற்பாடு 1965 போரின்போது விமானப்படைத் தளபதியாக இருந்தவர். மார்ச் கடைசியில் ஜப்பானியர் இம்பாலுக்கு வரும் சாலையை அறுத்துவிட்டார்கள். ஜூன் 22-ஆம் தேதிதான் மறுபடி திறந்தது. அதுவரை அரிசி முதல் பெட்ரோல் வரை எல்லாமே ஆகாயத்தில் வந்தது. அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது.

1998-இல் அவர் பேசியதை இரண்டு கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தேன். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கதையாகக் கேட்டேன், அதுதான் பிசகு.

முதல் முயற்சி ஐப்பசி மழையில். ஈரப்பதமானி 84 காட்டியது. டோப் பூசிய ஐந்தாவது நிமிடம் பட்டு முழுக்கச் சாம்பல் பூத்தது. காரணம் தெரிந்ததுதான்: டோப்பை நீர்க்க வைக்கும் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிகிறது, செல்லுலோஸ் கரைசலிலிருந்து பிரிந்து வெளுத்துவிடுகிறது. பார்வைக்கு அசிங்கம் என்பதோடு போவதில்லை, அந்தப் படலத்துக்குப் பலமும் இருக்காது. உரித்தேன்.

இரண்டாவது, ஏசி அறையில். ஈரப்பதம் 58. நடுப்பகுதி அருமையாக வந்தது, ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. பட்டை நனைத்துத்தானே போர்த்துகிறோம்? மேலே தொட்டால் காய்ந்திருந்தது. ஸ்ட்ரிங்கரும் ஃபார்மரும் சேரும் மூலையில் பால்சா தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. பட்டு போர்த்துபவர்கள் இதை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: துணி காய்ந்தாலும் மரம் காய்ந்திருக்காது. இப்போதெல்லாம் ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறேன்.

மூன்றாவதில் டோப் காய்வதை மெதுவாக்கும் ரிட்டார்டரை அள்ளி ஊற்றினேன். வெளுக்கவில்லை, ஆனால் இரண்டு நாளாகியும் காயவில்லை. பட்டு தொய்ந்து ஸ்ட்ரிங்கர் மேல் ஈரத்துணி மாதிரி கிடந்தது. அன்றைக்கு நிஜமாகவே மனம் விட்டுப்போய், வேலையை மூடிவைத்துவிட்டுக் கேசட்டைப் போட்டு உட்கார்ந்தேன். (போன மாதம்தான் இரண்டையும் கணினிக்கு மாற்றினேன். பழைய டேப்பை நேரடியாக ஓட்டாதீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் ஒருமுறை முழுசாகச் சுற்றிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள், ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிரியும்.)

இரண்டாவது கேசட், பி பக்கம். தாத்தா சொல்கிறார்: "மழையில டோப்பு வெளுத்துப் போவும்லே. நான் சமையல் கூடாரத்துல போயி உப்புப் பானைய எட்டிப் பார்ப்பேன். உப்பு கசிஞ்சிருந்தா அன்னைக்கு டோப்பைத் தொட மாட்டேன். உப்பளத்துக்காரனுக்கு அது தெரியாதா?"

நான் அதுவரை இதை உப்பளத்து ஊர்ப் பெருமையாக மட்டும்தான் கேட்டிருந்தேன். சுத்தமான உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்தில் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். டோப்புக்கு 65-ஐத் தாண்டினாலே சிக்கல் என்று நாம் கருவி வைத்துச் சொல்வதை அவர் பானையை எட்டிப் பார்த்தே சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் தட்டில் கல்லுப்பை வைத்து, பக்கத்தில் ஈரப்பதமானியையும் வைத்துப் பார்த்தேன். கருவி எழுபதை நெருங்கும்போதே உப்பு மினுமினுத்தது.

அவர் அதோடு நிறுத்தவில்லை. மழை விட்ட நாளில் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள்தான் பூசுவாராம். டோப் டப்பாவை வெந்நீர் வாளியில் உட்கார வைத்துச் சூடாக்குவாராம், அடுப்பு மட்டும் கூடாரத்துக்கு வெளியே எட்டத்தில். டோப்பும் தின்னரும் எவ்வளவு வேகமாகத் தீப்பிடிக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாசனை எப்படி என்று நான் கேட்டதற்கு, "வாழைப்பழம் லே, நல்லாப் பழுத்த வாழைப்பழம்" என்கிறார். அமைல் அசிட்டேட் கலந்த கரைப்பான்களுக்கு அதே வாசனைதான்.

சரி, நான்காவது முயற்சி. உப்பு உலர்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை. டோப்பை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, தின்னர் பாதிக்குப் பாதி, ரிட்டார்டர் ஒரே ஒரு மூடி, நூறு மில்லிக்கு நான்கு சொட்டு விளக்கெண்ணெய். எண்ணெய் இல்லாவிட்டால் டோப் வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போய் மெல்லிய சட்டத்தை முறுக்கிவிடும். அகலத் தூரிகையால் ஒரே திசையில், போன இடத்துக்குத் திரும்பாமல் பூசினேன். வால் பக்கம் ஒரு ரூபாய் அளவுக்கு லேசாக வெளுத்தது. அதன் மேல் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் ஒரு தடவு தடவினேன், கரைந்து தெளிந்துவிட்டது.

டோப் பற்றி ஒரு குறை. வெளியூரிலிருந்து வரவழைக்கவே முடிவதில்லை. எரியும் திரவம் என்று கூரியரில் எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாதுதான். மரச்சாமான் பாலிஷுக்கு விற்கும் என்.சி. லேக்கரில்தான் ஓட்டுகிறேன். அடிப்படையில் அதுவும் நைட்ரோசெல்லுலோஸ் என்றாலும் டப்பாவுக்கு டப்பா குணம் மாறுகிறது. புது டப்பா திறந்தால் முதலில் ஒரு சின்னச் சட்டத்தில் பூசிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து என்ன என்று இப்போதே மனசு ஓடுகிறது. மூக்குக்கு அடியில் தூசி வடிகட்டிக்கான தாடை செதுக்க வேண்டும். விமானப்படையின் வட்டச் சின்னத்தில் சிவப்பு வராது, இரண்டு நீலம்தான். ஜப்பானியரின் சிவப்பு வட்டமென்று நினைத்து நம்மவர்களே சுட்டுவிடக்கூடாது என்பதற்காகக் கிழக்குப் போர்முனையில் சிவப்பை எடுத்துவிட்டார்கள்.

அதைவிட எனக்கு ஆசை, இடப்பக்கம் ஒரு ஒட்டு போடுவதில். துணி கிழிந்தால் மீன்முள் மாதிரி போகும் ஹெரிங்போன் தையல்: அங்குலத்துக்கு இரண்டுக்குக் குறையாமல், கிழிசல் விளிம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி. அதன் மேல் ஓரம் பிசிறு எடுத்த ஒட்டுத்துணி, அப்புறம் டோப். தோட்டா பெரும்பாலும் துணியைத் துளைத்துக்கொண்டு அப்படியே மறுபக்கம் போய்விடும், குழாயில் படாதவரை ஒரு மணி நேர வேலை என்பார் தாத்தா. வீட்டில் கிழிந்த அரிசிச் சாக்கையும் அதே தையலில்தான் தைப்பார். அதில் ஒன்று இன்னும் பரணில் இருக்கிறது. நேற்று இறக்கி, அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அங்குலத்துக்கு மூன்று.

1/12 அளவில் அந்தத் தையல் வர வேண்டுமென்றால் அங்குலத்துக்கு முப்பத்தாறு. ஒற்றைப் பட்டிழையில் முயற்சி செய்யப் போகிறேன். அதற்கு முன்னால் இரண்டாவது பூச்சு பாக்கி இருக்கிறது. இன்று காலை தட்டில் உப்பு கசிந்திருந்தது.