எட்டணா புத்தகமும் ஒரு இறந்த தேதியும்

தாத்தாவோட தகரப்பெட்டியை ஒழிக்கும்போது ஒரு கவிதை புத்தகம் கிடைச்சுது. 1951ல கும்பகோணத்துல அச்சானது, விலை எட்டணா. கையில எடுத்தாலே ஓரமெல்லாம் பொடிப்பொடியா உதிருது. ஸ்கேன் பண்ணி நெட்ல ஏத்திடலாம்னு உடனே உக்காந்துட்டேன், எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இதுக்கு இன்னும் யாரு உரிமை கேக்கப்போறாங்கன்னு நெனப்பு. அது தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, வாட்ஸப் குரூப்ல பழைய புத்தகத்தை பிடிஎஃப்பா போடுற நம்மள்ல பாதி பேர் இதே தப்பைத்தான் பண்றோம்.

புத்தகம் அச்சான வருஷத்தை வச்சு கணக்கு கிடையாதுங்க. நம்ம 1957ஆம் வருஷத்து சட்டப்படி எழுதினவர் உயிரோட இருக்கறவரைக்கும் பதிப்புரிமை, அவர் காலமான பிறகு இன்னும் 60 வருஷம், அந்த 60ம் அடுத்த ஜனவரி 1லேர்ந்துதான் ஓட ஆரம்பிக்கும். புதுமைப்பித்தன் 1948ல போயிட்டார், அப்போ இந்த கணக்குப்படி 2008 டிசம்பர் 31 வரைக்கும். ரெண்டு பேர் சேர்ந்து எழுதியிருந்தா கடைசியா போனவரோட தேதி. மொழிபெயர்ப்பா இருந்தா மூலத்துக்கு ஒரு கணக்கு, மொழிபெயர்த்தவருக்கு தனியா இன்னொரு கணக்கு.

முன்னாடி இது 50 வருஷமாத்தான் இருந்துச்சு. தாகூர் 1941ல காலமானார், அவர் எழுத்தோட உரிமை அவரே ஆரம்பிச்ச விஸ்வபாரதி பல்கலைக்கழகத்து கையில இருந்துச்சு, 1991 முடிவுல அது தீரப்போற நேரத்துல சட்டத்தை திருத்தி பத்து வருஷம் கூட்டிட்டாங்க. தாகூரை நெனச்சு கூட்டினது, ஒரே ஒரு பதிப்போட நின்னுபோன கும்பகோணத்து கவிஞருக்கும் சேர்த்து கூடிப்போச்சு. தாகூர் புத்தகம் எப்படியும் கிடைக்கும், இவர் புத்தகம் அந்த பத்து வருஷத்துல கரையான் தின்னுடும். எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம்தான்.

சினிமா பாட்டு இன்னும் சிக்கல். 1965ல ரிலீஸான ஒரு படம், பாட்டு கண்ணதாசன், இசை கே.வி.மகாதேவன்னு வச்சுக்குவோம். படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான வருஷத்துலேர்ந்து 60, அதனால 2025 டிசம்பரோட சரி. ஆனா கண்ணதாசன் 1981ல காலமானார், பாட்டு வரிகளுக்கு 2041 வரை உரிமை இருக்கு. மகாதேவன் 2001ல, அப்போ மெட்டுக்கு 2061. ஒரே பாட்டுக்குள்ள மூணு கடிகாரம் ஓடுது, படம் பழசாச்சேன்னு யூடியூப்ல தூக்கி போடறவங்களுக்கு இது தெரியறதே இல்ல. போட்டோவுக்கு முன்னாடி வெளியான வருஷம்தான் கணக்கு, 2012 திருத்தத்துக்கு அப்புறம் எடுத்தவரோட ஆயுசும் 60ம்னு மாத்திட்டாங்க.

தமிழ்நாட்டுல நமக்கு ஒரு நல்ல வழி இருக்கு, நாட்டுடைமை. அரசாங்கம் வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்துட்டு எழுத்தை எல்லாருக்கும் பொதுவாக்கிடும். பாரதியார் பாட்டுக்குத்தான் முதல்ல நடந்துச்சு, 1949ல அரசு உரிமையை வாங்கி அப்புறம் மக்களுக்கே கொடுத்துட்டாங்க. பாரதிதாசன் 1964ல காலமானவர், சட்டப்படி பாத்தா 2024 முடியறவரைக்கும் காத்திருந்திருக்கணும், ஆனா அவர் எழுத்து எப்பவோ நாட்டுடைமை ஆயிடுச்சு. வாரிசுக்கும் காசு, வாசகனுக்கும் புத்தகம், இதைவிட நியாயமா எனக்கு ஒண்ணும் தோணல. (இலங்கை எழுத்தாளர் புத்தகம் கையில இருந்தா கவனம், அங்க 60 இல்ல, 70.)

சரி, நம்ம கவிஞர் கதைக்கு வரேன். அவர் எப்போ காலமானார்னு எந்த பட்டியல்லயும் இல்ல. அச்சகம் இருந்த இடத்துல இப்போ மருந்துக்கடை. முன்னுரையில ஒரு தெருப்பேர் இருந்துச்சு, அங்க போய் விசாரிச்சு, ஒரு ரிடையர்ட் வாத்தியார் கைகாட்டி, கடைசியா பேரன் ஒருத்தரை பிடிச்சேன். 1970ல தவறிட்டாராம். அப்போ 2030 டிசம்பர் 31 வரைக்கும் உரிமை குடும்பத்துக்குத்தான். நான் விஷயத்தை சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "தம்பி, தாத்தா புக்கு எங்க வீட்டுலயே ஒண்ணு கிடையாதுப்பா"ன்னார். மறுநாளே ஒரு ஜெராக்ஸ் காப்பி எடுத்து கொண்டுபோய் கொடுத்தேன், நின்ன இடத்துலயே படிக்க ஆரம்பிச்சுட்டார்.

அவர் மட்டும் சரின்னா போதாது, வாரிசு எல்லாரும் ஒத்துக்கணும். நாலு பேர் கையெழுத்து போட்டாச்சு, திருச்சியில இருக்கற அத்தை ஒருத்தங்க மட்டும் பாக்கி. அது வந்தப்புறம்தான் புத்தகத்து பேரையும் கவிஞர் பேரையும் இங்க சொல்ல முடியும். அப்போ ஒரு உதவியும் கேப்பேன், என் பிரதியில 36, 37ஆம் பக்கம் ஒட்டிக்கிட்டு கிழிஞ்சுபோச்சு, உங்க வீட்டு பரண்ல இதே புத்தகம் இருந்தா அந்த பக்கத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.