யார்க் மதிலை வலம் வந்த மதுரைக்காரி

“உங்கள் நாட்டில் இவ்வளவு பழைய ஊரெல்லாம் இருக்காது, இல்லையா?”

இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு, இங்கிலாந்தின் யார்க் நகரத்து ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்த பெரியவர் அன்பாகத்தான் கேட்டார். அவர் கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றியிருந்தேன். கிழவனாரின் பிரஷர் சரியாக இருந்தது, என்னுடையதுதான் ஏறியிருக்கும். மதுரைக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? சங்கம் வைத்த ஊர், கீழடி, ஆயிரங்கால் மண்டபம் என்று நெஞ்சுக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்தது. ஆனால் நர்ஸ் உடுப்பில் இருக்கும்போது பட்டிமன்றம் பேச முடியாது. “இருக்கிறது ஐயா” என்று சிரித்துவைத்தேன். அவர் விடவில்லை. குடையைத் தூக்கிப் பிடித்தபடி கூட்டத்தை இழுத்துப் போகும் வழிகாட்டிகளோடு போகாதே, மதில்மேல் ஏறி நீயே நட, காசு கிடையாது என்றார்.

சரி, பார்த்துவிடலாம் என்று நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு விடுமுறை நாளில் கிளம்பினேன். ஊரைப் பார்க்க என்பதைவிட ஊரோடு சண்டை போட என்று சொல்வதுதான் பொருத்தம்.

யார்க்கின் மதில் ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர். இங்கிலாந்தில் நிற்கும் இடைக்கால நகர மதில்களில் இதுதான் நீளமானது. எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம். எனக்கு அந்தச் சுதந்திரம் ஒத்துவரவில்லை. நடுவில் ஒரு பெரிய கோயில், அதைச் சுற்றி ஒரு மதில் என்று இருந்தால் இடமாகச் சுற்ற மனம் வருமா? பூத்தம் பாரில் ஏறி மின்ஸ்டர் தேவாலயம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடந்தேன். இந்த ஊரில் கோட்டை வாசலுக்குப் பெயர் பார். அம்மாவிடம் “பார் பாராகப் போய்க்கொண்டிருக்கிறேன்” என்று ஃபோனில் சொல்லி, அதை விளக்குவதற்குள் அடுத்த பார் வந்துவிட்டது.

பூத்தம் பாரிலிருந்து மங்க் பார் வரையுள்ள துண்டுதான் மதிலிலேயே அழகு என்பார்கள். உண்மைதான். கீழே மின்ஸ்டரின் பின்புறத் தோட்டங்கள், பழைய வீடுகளின் கொல்லைகள், கொடியில் காயும் சட்டைகள். பல இடங்களில் உள்பக்கம் கைப்பிடிகூடக் கிடையாது. ஒருவர் எதிரே வந்தால் யார் ஒதுங்குவது என்று இருவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கும் இப்போது அது வந்துவிட்டது. யார் என் காலை மிதித்தாலும் நான்தான் “சாரி” சொல்கிறேன். குளிர் பழகிவிட்டது, நாலு மணிக்கே இருட்டுகிற டிசம்பரும் பழகிவிட்டது, கொதிக்காத பாலில் கலந்த தேநீரும் ஏதோ ஒருமாதிரி பழகிவிட்டது. இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். ஒரு கொல்லையில் யாரோ ஜமுக்காளம் மாதிரி எதையோ தட்டிக் காயப்போட்டிருந்தார்கள். அவ்வளவுதான், மதுரையில் தெற்கு மாரட் வீதி எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். வடகமும் மோர்மிளகாயும் காய, காக்காய் ஓட்ட என்னை உட்காரவைத்துவிட்டுப் போவாள் அப்பத்தா. அங்கிருந்து பார்த்தால் தெற்குக் கோபுரம் தெரியும். சித்திரைத் திருவிழா நாட்களில் கோபுரத்தின் சீரியல் விளக்கு எங்கள் மாடிச் சுவரில் பச்சையும் சிவப்புமாக விழும்.

மங்க் பாரின் உச்சியில் கல்லைத் தூக்கி எறியத் தயாராக நிற்கும் கற்சிலைகள் இருக்கின்றன. எதிரியைப் பயமுறுத்தவாம். கோபுரம் முழுக்கத் துவாரபாலகரும் பூதகணமுமாகப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த நாலைந்து பேர் போதவில்லை. மனத்துக்குள் மதுரைக்கு ஒரு மதிப்பெண் போட்டேன்.

அதற்கப்புறம் மதில் பொசுக்கென்று முடிந்துவிடுகிறது. இடிந்ததால் அல்ல, அங்கே மதில் கட்டப்பட்டதே இல்லை. இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் அரசர் வில்லியம் தம் கோட்டைக்காக ஃபாஸ் ஆற்றை அணைகட்டித் தேக்கியதில் அந்தப் பக்கம் முழுக்கப் பெரிய ஏரியும் சதுப்புமாகிவிட்டது. அரசரின் மீன்குளம் என்று பெயர். சேற்றைத் தாண்டி எவன் வருவான் என்று விட்டுவிட்டார்கள். இன்று அங்கே இருப்பது சாலையும் சூப்பர் மார்க்கெட்டும். பிரதட்சிணத்தின் நடுவில் இறங்கிப் போய்க் கொத்தமல்லிக் கட்டு வாங்கினேன். வேறு எந்தக் கோயிலில் இந்த வசதி உண்டு? செங்கல்லால் கட்டிய சிவப்புக் கோபுரம் ஒன்றில் மதில் மறுபடி தொடங்குகிறது. 1490 வாக்கில் கட்டியது.

வால்ம்கேட் பாருக்கு வந்தபோதுதான் சண்டை வேறு பக்கம் திரும்பியது. வாசலுக்கு முன்னால் இருபுறமும் சுவர் நீண்டு ஒரு முடுக்கு மாதிரி இருக்கிறது. உள்ளே புகுந்த எதிரியை மேலிருந்து அடிப்பதற்கான முன்னரண். இங்கிலாந்தில் ஒரு நகர வாசலில் இப்படி மிஞ்சியிருப்பது இது ஒன்றுதானாம். மற்ற மூன்று பெரிய வாசல்களிலும் இருந்தவற்றை 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்க்காரர்களே இடித்திருக்கிறார்கள். 1800இல் மதில் முழுவதையுமே இடித்துவிட நகராட்சி பார்லிமென்ட்டிடம் அனுமதி கேட்கக் கிளம்பியிருக்கிறது. பராமரிக்கச் செலவு, வண்டி போக நெரிசல், வழக்கமான காரணங்கள்தான். எதிர்ப்புக் கிளம்பியது. இந்த ஊரில் பிறந்த ஓவியர் வில்லியம் எட்டி பிற்பாடு மதிலுக்காக ஓயாமல் வாதாடியிருக்கிறார். துண்டு துண்டாகப் போனது போக, மிச்சம் பிழைத்தது. அதன்மேல்தான் நான் கொத்தமல்லிக் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

வயிறு எரிந்தது. ஏனென்றால் மதுரைக்கும் மதில் இருந்தது. அகழியும் கொத்தளங்களுமாக நாயக்கர் காலக் கோட்டை ஊரைச் சுற்றி நின்றது. 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் துரை அதை இடித்து அகழியைத் தூர்த்துத் தெருவாக்கினார். அந்த வேலையில் இருந்த மாரட் பெயரில் நாலு வீதி, பெருமாள் மேஸ்திரி பெயரில் நாலு வீதி. ஊருக்கு வெளியே கிடந்த இடம் வெளி வீதி. தினமும் பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் கத்துகிற பெயர்கள் இவை. ஒரு நாளாவது நின்று, யாரப்பா இந்த மாரட் என்று கேட்டிருப்போமா? மிஞ்சியது பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கொத்தளத் துண்டும், அதற்கு முந்தைய பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசலான விட்டவாசலும்தான். இதையெல்லாம்விடப் பெரிய வேடிக்கை, இடித்தவருக்கு நாம் நன்றிக்கடனாக ஒரு விளக்கே நட்டுவைத்தோம். தீபாவளிக்குத் துணி எடுக்க ஊரே திரள்கிற விளக்குத்தூண் அதுதான்! துரைமார் தங்கள் ஊரில் மதிலுக்காக மனுப்போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், நம் ஊர் மதிலில் கடப்பாறை போட்டிருக்கிறார்கள். நாமும் விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறோம்.

அந்தக் கோபத்தோடு நடந்ததில் மீன்கேட் மாதிரி ஏதோ ஒரு பெயருள்ள வாசலைச் சரியாகப் பார்க்கவே இல்லை. கோபம் இறங்கியது கிளிஃபர்ட்ஸ் கோபுரத்தின் அடியில். பசும் மேட்டின்மேல் ஒற்றையாக நிற்கும் கல்கட்டடம். வசந்தத்தில் மேடு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூக்கும், எல்லாரும் அதன் முன் படம் எடுத்துக்கொள்வார்கள். 1190 மார்ச்சில் இந்த மேட்டில் இருந்த மரக்கோட்டைக்குள் உயிருக்கு அஞ்சி ஒளிந்த யூதர்கள் ஏறத்தாழ 150 பேர் மாண்டார்கள். வெளியே கொலைவெறியோடு ஊர்க்கூட்டம். பலர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். மதிலுக்குள் இருப்பவர்களுக்கும் மதில் காவல் இல்லை. இங்கே மதிப்பெண் போடத் தோன்றவில்லை. படம் எடுக்காமல் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டேன்.

மிக்கில்கேட் பார், லண்டன் பக்கமிருந்து அரசர்கள் ஊருக்குள் நுழைகிற வாசல். துரோகி என்று கொல்லப்பட்டவர்களின் தலையை இதன் உச்சியில்தான் செருகிவைப்பார்கள். 1460இல் வேக்ஃபீல்ட் போரில் தோற்ற யார்க் கோமகன் ரிச்சர்டின் தலைக்குக் காகிதக் கிரீடம் வைத்து, தன் பெயருள்ள ஊரையே பார்க்கும்படி வைத்தார்களாம். நக்கலைப் பாருங்கள். அழகர்கோயில் வாசல் காக்கிற பதினெட்டாம்படிக் கருப்பு, கதவு சாத்தியிருக்கும்போதே நம்மை நடுங்கவைப்பார். சந்தனமும் மாலையும் அரிவாளும் போதும் அவருக்கு. இவர்களுக்கு நிஜத் தலை தேவைப்பட்டிருக்கிறது.

அங்கிருந்து ரயில் நிலையம் வரை மதிலுக்கடியில் பெரிய வளைவுகள் திறந்திருக்கின்றன. 1841இல் முதல் நிரந்தர ரயில் நிலையத்தை மதிலுக்கு உள்ளேயே கட்டியிருக்கிறார்கள், அதற்குத் தண்டவாளம் போக மதிலைக் குடைந்தார்கள். இப்போதைய நிலையம் 1877இல் வெளியே வந்தது. ஆக இவர்களும் சும்மா இருக்கவில்லை. அதே 1840கள். நம் ஊரில் தெருவுக்காக இடித்தார்கள், இங்கே ரயிலுக்காக ஓட்டை போட்டார்கள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

சுற்றை முடித்து இறங்கியதும் ஷாம்பிள்ஸ் தெருவுக்குள் எட்டிப்பார்த்தேன். இருபுற மாடிகளும் முட்டிக்கொள்கிற அளவு சாய்ந்து நிற்கும் பழைய கசாப்புத் தெரு. இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. இறைச்சிதான் இல்லை, ஹாரி பாட்டர் மந்திரக்கோல் விற்கிறார்கள். அதை வாங்க ஒரு வரிசை! கல்தூண்களுக்கு நடுவே மிஷினைப் போட்டுக்கொண்டு தாவணிக்கு ஓரம் அடித்துத் தந்துகொண்டிருந்த புதுமண்டபத்துத் தையல்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். அங்கே கூட்டம் இருந்தது, ஆனால் கூட்டத்துக்கு வேலை இருந்தது.

மின்ஸ்டருக்குள் சுற்றிப் பார்க்கக் கட்டணம். மாலை வழிபாட்டுக்குப் போனால் இல்லை. சாமி கும்பிடக் காசா என்று கேட்க வந்தேன், பிறகு சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கி மீனாட்சியைப் பார்த்த வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். கிழக்குச் சாளரம் டென்னிஸ் மைதானம் அளவு வண்ணக் கண்ணாடி. கவென்ட்ரி ஜான் தார்ன்டன் என்பவர் 1405இலிருந்து 1408க்குள் முடித்துக் கொடுத்திருக்கிறார். கூலி 56 பவுன், மேற்கொண்டு 10 பவுன் வெகுமதி. நம் கோபுரத்துச் சிற்பிகளின் பெயரும் கூலியும் எங்காவது எழுதி இருந்தால் எப்படி இருக்கும் என்று பாட்டு முடியும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு நன்றாக இருந்தது. சுண்டல்தான் இல்லை.

இரவு அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். மதில், எட்டி, பிளாக்பர்ன், விளக்குத்தூண் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். “எப்படிப்பா விட்டோம்? இங்க பாருங்க, எவ்வளவு அழகா வச்சிருக்காங்க” என்றேன்.

அப்பா நிதானமாகக் கேட்டார். “ஏத்தா, நம்ம வீடு எந்தத் தெருவுல இருக்கு?”

“தெற்கு மாரட் வீதி.”

“அது முன்னாடி என்னவா இருந்துச்சு?”

நான் பதில் சொல்லவில்லை.

“மதிலோ அகழியோ, அதுக்கு மேலதான் உங்க பாட்டன் பாத்திரக்கடை போட்டாரு. அதுல வந்த காசுலதான் நீ நர்ஸ் படிப்பு படிச்ச. அன்னைக்கு மதிலுக்குள்ள நெருக்கியடிச்சுக்கிட்டு காய்ச்சல்ல கிடந்த சனம், காத்து வரட்டும்னுதான் விளக்கு நட்டுருக்கும். நீ அங்க போயி நின்னுக்கிட்டு மதில் வேணுங்கற.”

“அதுக்காக முழுசா இடிக்கணுமாப்பா? கொஞ்சம் விட்டிருக்கலாம்ல?”

“விட்டிருக்கலாம்தான்” என்று இறங்கிவந்தார். அப்புறம் கடைக்காரர் விழித்துக்கொண்டார். “ஆமா, அந்த மதிலுக்கு உள்பக்கம் வீட்டு வாடகை எவ்வளவு வரும்?”

சொன்னேன். ரூபாயில் பெருக்கிப் பார்த்திருப்பார் போல.

“அடேயப்பா! அப்ப அவனுகளையும் இடிக்கச் சொல்லுத்தா.”